சுத்தக்காரி

"பாத்தியா, இன்னிக்கும் துடைச்சுட்டா!"

மெக்கானிக் ஸ்பேனரை 'டங்'கென்று கீழே போட்டான்.

ஒர்க்ஷாப்புக்கு நேர் எதிரே, சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு கம்பம். அதில் ஒரு பட்டன். அமுக்கினால் சற்று நேரத்தில் வண்டிகள் நிற்கும், நடப்பவர்களுக்குப் பச்சை விழும். ஊரே அமுக்கிவிட்டுப் பேசாமல் போகிறது. அந்தப் பெண்மணி மட்டும் தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து அமுக்குவாள். உடனே கைப்பையிலிருந்து ஈரத்துணி எடுத்துப் பட்டனை அழுந்தத் துடைப்பாள். மெக்கானிக் அவளுக்கு வைத்த பெயர் சுத்தக்காரி.

"துடைச்சா துடைச்சுட்டுப் போறாங்க. உங்களுக்கென்ன மச்சான்?" என்றான் மைத்துனன், டயரை உருட்டிக்கொண்டே.

"எனக்கென்னவா? நேத்து வீட்லேருந்து வர்றப்ப நான் அமுக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல வந்தா. மறுபடி ஒரு அமுக்கு அமுக்கினா. என் மூஞ்சிக்கு நேராவே துடைக்கிறா! என் கையில என்ன சொறியா, சிரங்கா?"

மைத்துனன் அவன் கையைப் பார்த்தான். நகக்கண் வரைக்கும் கிரீஸ்.

"சொறி இல்ல மச்சான். ஆனா..."

"வாயை மூடு. நாளைக்கு உங்க அக்கா தொட்டாலும் இப்படித்தான் துடைப்பா. அப்ப சிரி."

மெக்கானிக்கின் மனைவிக்கு இது நிறைமாதம். "கொஞ்சம் நடம்மா" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காலைச் சாப்பாட்டை அவளே எடுத்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்துதான் வருகிறாள். அவளையும் ஒருத்தி அருவருப்பாகப் பார்ப்பதா? நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். கிரீஸ் டப்பாவில் கட்டைவிரலை நன்றாக முக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். பஸ் வந்து நிற்பதைப் பார்த்ததும் பட்டனில் வைத்து ஓர் அமுக்கு. கன்னங்கரேலென்று முத்திரை விழுந்தது.

'துடைடி ராஜாத்தி, இப்பத் துடை!'

சுத்தக்காரி வந்தாள். கரியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அந்தக் கரியின் மேலேயே விரலை வைத்து அமுக்கினாள். அப்புறம்தான் ஈரத்துணியை எடுத்தாள்.

அவ்வளவுதான், மெக்கானிக் வெடித்தான்.

"ஏங்க, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்! உழைக்கிறவன் கைன்னா உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா? நாங்க தொட்டா பட்டன் தேஞ்சா போயிடும்?"

அவள் திகைத்தாள். பிறகு, தூக்கம் வழியும் முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"நீங்க தொட்டதையா துடைக்கிறேன்? அப்படின்னா அமுக்கறதுக்கு முன்னாடில்ல துடைக்கணும்? இங்க பாருங்க, என் விரலெல்லாம் உங்க கிரீஸ்தான்!"

மெக்கானிக் பார்த்தான். உண்மைதான். கோபம் பாதி இறங்கிவிட்டது, ஆனாலும் விட மனசில்லை.

"அப்ப யார் தொட்டதைத் துடைக்கிறீங்களாம்?"

"நான் தொட்டதை."

"உங்க கைக்கு என்ன?"

"காய்ச்சல் வார்டுல நர்சுங்க நான். ராத்திரி பூரா இருமலும் சளியுமா நோயாளிங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கிளம்பறேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. எனக்குப் பின்னாடியே தினமும் ஒரு பொண்ணு வருது. நிறைமாசம். எனக்கப்புறம் அந்தப் பட்டனைத் தொடறது அதுதான். பழகின பொண்ணா, பேர் தெரிஞ்ச பொண்ணா? இருந்தாலும் நம்மால அதுக்கு எதுவும் வந்துடக் கூடாதில்ல?"

சொல்லிக்கொண்டே தெரு முனையைக் காட்டினாள்.

"அதோ, வருது பாருங்க!"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். இடுப்பில் ஒரு கையும் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு கையுமாக, அவன் மனைவி அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தாள்.

கறுத்துக் கிடந்த கட்டைவிரலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"சிஸ்டர்..." என்று இழுத்தான். "அந்தத் துணி இன்னொண்ணு இருக்குங்களா?"