பூவாத்தாவை வேலை வாங்குதல்

பனியன் கம்பெனி பஸ்ஸில் தெய்வானை இங்கிலீஷ் படித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. இத்தனை வருஷம் தானே தைத்தவள், இனி அடுத்தவளைத் தைக்க வைக்க வேண்டும். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். பக்கத்து மெஷின் பூவாத்தா, தன் பேரையே போட்டுப் பழகச் சொன்னாள்.

“ஐ மேட் பூவாத்தா வொர்க் ஃபாஸ்ட்.”

“வாயத் தொறந்து சொல்லு புள்ள. சூப்பர்வைசரம்மாவுக்கு அதட்டத் தெரியலீன்னா எப்படி?”

“ஐ மேட் பூவாத்தா ஸ்டே லேட்.”

“அடிப்பாவி, வீட்டுக்கு உட மாட்டியா என்னைய?” பூவாத்தா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இன்டர்வியூவில் மேனேஜர் ஒன்றுதான் கேட்டார், லைனில் வேலை பின்தங்கினால் என்ன செய்வீர்கள் என்று. பயத்தில் படித்ததெல்லாம் ஓடிப்போய், நாக்கில் ஊறியது மட்டும் வந்தது. “ஐ மேட் பூவாத்தா வொர்க் ஃபாஸ்ட்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓ, இப்பவே நீங்க விரட்டித்தான் அந்தம்மா வேலை செய்யறாங்களா? நல்லதாப் போச்சு. ஆர்டர் கொறஞ்சிருக்கு, யாரை நிறுத்தறதுன்னு பார்த்துட்டு இருந்தோம்.”

அப்படியில்லை என்று சொல்லத் தெய்வானைக்கு இங்கிலீஷ் தேவையில்லை. அதற்குள் அவர் “கங்க்ராட்ஸ்” என்று கையை நீட்டினார். அந்தக் கம்பெனியில் இதுவரை யாரும் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, அவளும் நீட்டினாள்.