காதுக்குப் பூட்டு

டமாரம் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காதில் இரண்டு இயர்பட்ஸ். அவற்றில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

டைல்ஸ் கிடங்கின் மாடி ஆபீஸில், சரக்கு அனுப்பும் பிரிவில் உட்காரும் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே இந்த இயர்பட்ஸால்தான். "நாய்ஸ் கேன்சலிங்! வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. காதுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி" என்று வாங்கிய அன்றே அளந்துவிட்டார். அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அவர் டமாரச் செவிடு.

உண்மையில் அது வெளிச்சத்தத்தைத் தடுக்காத மலிவு மாடல். "தினசரி உபயோகத்துக்கு அதெல்லாம் எதுக்கு சார்? பிளேன்ல பறக்கறவங்களுக்குத்தான் அது" என்று கடைக்காரர் சொன்னது அவருடைய பர்ஸுக்கும் பிடித்துப்போயிற்று.

அதுவே லாபமாகவும் முடிந்தது. செவிடன் பக்கத்தில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, யார் வேறு வேலை தேடுகிறார் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குப் போகும்.

இன்றைக்கு வந்தவர்கள் மேனேஜரும் பர்சனல் பிரிவு மேடமும். நேராக அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலோரம் வந்து நின்றார்கள். வியாபாரம் படுத்துவிட்டது, அவர் பிரிவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு.

"டீ கிளாஸ் மேசை ஓரத்துல நிக்குது பாருங்க சார், விழப்போகுது" என்றார் மேடம், மெதுவாக.

டமாரம் கிளாஸை உள்ளே தள்ளிவைத்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார்.

கீழே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் சத்தம். அது ஓய்ந்த பிறகுதான் மேடம் மறுபடி வாயைத் திறந்தார். "நாளைக்குக் காலையில டிஸ்மிஸ் ஆர்டரைக் கொடுத்துடலாமா?"

"கொடுத்துடுங்க. ஸ்டாக்ல பெட்டி குறையுது. லாரி கிளம்பினப்போ கையெழுத்துப் போட்டது இந்த ஆளு. திருட்டுன்னே எழுதிடுங்க."

டமாரத்தின் தலை ஒரு கணம் நின்றது. சட்டென்று மறுபடி ஆட ஆரம்பித்தது. அன்றைக்கு மழை. நனைந்துகொண்டு யார் எண்ணுவது என்று எண்ணாமலேயே கையெழுத்துப் போட்டது நிஜம்தான்.

"பாவம் சார், வருஷக்கணக்கா இருக்கறவரு."

"பாவம் பாத்தா நம்ம பொழப்பு என்ன ஆறது? எனக்கு ஒரே ஒரு பயம்தான் மேடம். இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள இந்த ஆளே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா, நம்ம கையைக் கட்டிப் போட்ட மாதிரி. நல்ல சர்டிபிகேட் கொடுத்து, சிரிச்சுக்கிட்டே வழியனுப்பணும்."

"இவருக்கு எப்படிங்க சார் தெரியும்? தலையில இடி விழுந்தாலும் கேக்காது!"

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். டமாரம் படிக்கட்டுக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார்.

"ராஜினாமாவா? என்னங்க உளர்றீங்க? அவங்களா அனுப்பினா ஆறு மாசச் சம்பளம் கொடுக்கணும், கவலைப்படாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஆள் குறைக்கறதுக்கும்மா. திருட்டுப் பட்டம் கட்டினா காலணா பெயராது. அப்புறம் எந்தக் கம்பெனிக்காரன் என்னை வாசல்ல விடுவான்?"

"நீங்க எடுக்கலையே! எடுத்தீங்கன்னு அவங்கதானே காட்டணும்?"

"அவங்க காட்டறதுக்குள்ள நான் தெருவுல நிப்பேன். நம்ம பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கறது? சம்பளம் போனா போகட்டும், பேராவது மிஞ்சும். வை போனை!"

ராஜினாமாவை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். ஆபீஸ் மூடுவதற்குச் சற்று முன்னால் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார். மேடமும் உள்ளேதான் இருந்தார்.

மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன சார் இது, திடீர்னு? நாளைக்கு வாங்க, நிதானமாப் பேசலாம்."

நாளைக்கா? பாம்பு இப்படியா பல்லைக் காட்டும் என்று டமாரம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டார். "இல்லீங்க சார். சொந்தக் காரணம். இப்பவே ஏத்துக்கணும்."

"ரெண்டு நாள் லீவு போட்டு யோசிங்களேன்" என்றார் மேடம், கெஞ்சாத குறையாக.

"யோசிச்சாச்சு மேடம். சர்டிபிகேட்டும் இப்பவே கையில வேணும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டபடி கையெழுத்துப் போட்டார். டமாரத்துக்கு மூச்சு சீரானது. இத்தனை வருஷத்தில் இந்த ஆளை ஒருமுறையாவது ஜெயித்தாயிற்று!

மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நன்னடத்தைச் சான்றிதழ். பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் எப்போதோ ஏறி, மை காய்ந்திருந்தது.

டமாரம் காகிதத்தைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார்.

மேனேஜர் எழுந்து வந்து, அவர் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.

"அடுத்த ஆபீஸுக்காவது, நெஜமாவே சத்தத்தை அடைக்கிற மாடலாப் பாத்து வாங்குங்க சார்."