கல்லும் எலும்பும்

ஓடை அரித்துப் போட்ட செம்மண் வெளியில் கைடு ஒரு துண்டைப் பொறுக்கி, நாக்கில் வைத்துக் கையை எடுத்தான். அது விழவில்லை. "டைனோசருதுங்க. எலும்புன்னா இப்படி ஒட்டிக்கும், வெறுங்கல்லு விழுந்துடும்." அதைப் பார்த்ததிலிருந்து, சுற்றுலாக் கூட்டத்தோடு வந்திருந்த தையல்நாயகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி அடுத்து நின்ற இடம், கைவிட்ட சுண்ணாம்புச் சுரங்கம். அதைப் பார்க்கத்தான் அவள் வண்டியேறியதே. அங்கே வேலை செய்தபோது மண்சரிவில் புதைந்த அவள் புருஷன் கலியபெருமாளின் உடலைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை. குழிக்குள் இறங்கியவள் கல் கல்லாக எடுத்து நாக்கில் வைத்தாள், துப்பினாள், அடுத்ததை எடுத்தாள். "அம்மா, இங்க டைனோசர் எலும்பெல்லாம் கிடையாதும்மா! வண்டி கிளம்புது, மேல வாங்க!" என்று கைடு கத்தினான். தையல்நாயகி நிமிர்ந்தாள். கைகள் இரண்டும் வெறுமனே தொங்கின. நீட்டிய நாக்கை உள்ளே இழுக்கப் பயந்து, அதில் ஒட்டிய கல்லோடு அப்படியே நின்றாள்.