மூட மறுத்த கதவு

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடப் போறதில்ல" என்றார் பொறுப்பு சார், திறந்தே நின்ற லிஃப்ட் கதவை முறைத்துக்கொண்டு.

அவருடைய சொந்தப் பெயர் அந்த அடுக்குமாடியில் பலருக்கு மறந்தே போயிருந்தது. ராக்கெட் விழுந்தாலும் சரி, பாலம் இடிந்தாலும் சரி, எதிர்வீட்டு மிக்ஸி புகைந்தாலும் சரி, "கம்பெனிக்காரனுக்குப் பொறுப்பு வேண்டாமா?" என்பதுதான் அவர் கேள்வி. போதாக்குறைக்குக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேறு.

சில மாதங்களாக லிஃப்ட் கதவு சட்டென்று மூடுவதில்லை. பட்டனை அழுத்திய பிறகும், யாரோ வரப்போகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் செல்போனில் வீடியோ பார்ப்பவருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? சென்சாருக்குக் கண் மங்கிவிட்டது என்றார் முதலில். பிறகு, சீக்கிரமே புது லிஃப்ட் வாங்கவைக்க மட்டமான மோட்டாரை மாட்டிவிட்ட சதி என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் விளக்கம் நீளும்.

லிஃப்ட் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தான். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"கோளாறு இல்ல சார். கதவு நிக்கிற நேரத்த நான்தான் கூட்டி வெச்சேன்."

"யாரக் கேட்டு?"

"ஒருத்தங்க கேட்டுக்கிட்டாங்க."

"அந்த ஒருத்தங்க யாரு?"

"சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க சார்."

இது போதாதா? பொறுப்பு சார் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். இந்த ஆள் வேலையில் இருந்தால் பராமரிப்பை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவோம் என்றார். அந்தப் பக்கத்து அதிகாரி யோசிக்கக்கூட இல்லை. நாளையிலிருந்து அவன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கின் முகம் வாடிப்போனது. அப்போதும் அவன் கேட்டவர் பெயரைச் சொல்லவில்லை. நேரத்தைப் பழையபடி குறைத்துவைத்தான். கதவு சட்டென்று மூடியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கடைக்குப் போயிருந்த பொறுப்பு சாரின் மனைவி அந்த நேரம் பார்த்துப் பையோடு வந்தாள்.

"வா, வா" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல் அவர் முன்னால் நடந்தார். எப்போதும்போல் அவள் பின்னால் வந்தாள். லிஃப்டில் ஏறிப் பட்டனை அழுத்தினார். வெற்றிச் செய்தியைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்குத் தட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"இந்தக் கம்பெனிக்காரங்க செய்யற தப்பு என்ன தெரியுமா? உபயோகிக்கிறவங்க யாரு, அவங்களுக்கு என்ன கஷ்டம்னு ஒரு நாளாவது திரும்பிப் பாக்கறாங்களா?"

லிஃப்ட் அவர்கள் மாடியில் வந்து நின்றது.

"என்ன, பதிலையே காணோம்?" என்று திரும்பிப் பார்த்தார். லிஃப்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

திரும்பக் கீழே வந்தபோது, காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உருண்டு கிடந்த தக்காளிகளை மெக்கானிக் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"புதுசா என்ன ஆகணும்? முட்டி வலி வந்ததிலேருந்து உங்க வேகத்துக்கு என்னால நடக்க முடியல. நான் வர்றதுக்குள்ள கதவு மூடிடுது. அதான் கதவக் கொஞ்சம் கூடுதலா நிறுத்தி வைக்கச் சொல்லி இந்தத் தம்பியக் கேட்டுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா முட்டி எப்படி வேலை செய்யுதுன்னு பாடம் எடுப்பீங்க. முதல்ல அந்தப் போன எடுத்து, தம்பி மேல தப்பில்லன்னு கம்பெனிக்குச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அதிகாரியும் எதையும் விசாரிக்காமல், சரி, அவன் வேலைக்கு வரட்டும் என்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்கானிக் பெருமூச்சு விட்டான்.

போனை வைத்ததும் பொறுப்பு சாருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"இருந்தாலும், இதையெல்லாம் கம்பெனிக்காரன் முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"யோசிச்சுத்தான் கதவ மூட விடாம வைக்க உள்ளயே ஒரு பட்டன் வெச்சிருக்காங்க. அத அழுத்தற புருஷனையுமா அவங்க சேத்துச் செஞ்சு தருவாங்க?"