கண் சிமிட்டும் நேரம்

கடைசிப் பலகையிலும் உருளையை ஓட்டிவிட்டு, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து நிமிர்ந்தான் அவன். மத்தியான வெயிலில் அந்த அறையின் மரத்தரை கண்ணாடியாக மின்னியது. ஒரு மாதம் கழித்து இன்று வீடு திரும்பும் மனைவி பார்த்தால் அசந்துபோவாள்.

பூசியது அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு. மாதிரி காட்டக் கொண்டுவந்த டப்பா, மூடி சரியாக மூடாமல் ஆறு மாதம் பரணில் கிடந்தது. இன்று எடுத்துப் பார்த்தால் மேலே ஆடைகூடக் கட்டாமல் தேன் மாதிரி அப்படியே இருந்தது. "இதுதான்யா சரக்கு!" என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டான்.

விற்பனைப் பிரிவில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "தின்னர் கிடையாது, வாசனை கிடையாது, எலக்ட்ரான் கற்றை சார், கண் சிமிட்டறதுக்குள்ள காஞ்சிடும்!" என்று ஒரே மூச்சில் அடுக்குவான். எலக்ட்ரான் கற்றை என்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால், சிரித்து மழுப்பி, பளபளக்கும் மாதிரிப் பலகையை நீட்டிவிடுவான். கதிர்வீச்சுக்குப் பயந்து, அந்தக் கற்றை மிஷின் இருக்கும் கூடத்தின் இரும்புக் கதவைப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் தாண்டியதில்லை.

அந்த மிஷினை ஓட்டியவன் அவனுடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. இதே வீட்டில், இதே அறையில்தான் தங்கியிருந்தான். இப்போதும் இதே அறையில்தான் இருக்கிறான், பலகைகளுக்கு அடியில்.

மிஷினில் தேறவில்லை என்று கழித்துப்போட்ட பலகைகளை இவன் சத்தமில்லாமல் குழந்தைக் கட்டில் செய்பவர்களின் தலையில் கட்டிவிட்டான். அது மச்சினனுக்குத் தெரிந்துபோனது.

"அது ஏன் தேறலைன்னா, மாமா..."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"அப்ப நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லிடறேன்."

முந்தாநாள் ஒரே ஒரு தள்ளு. சுவர் முனையில் தலை மோதியது. அதற்கப்புறம் மச்சினன் எழுந்திருக்கவில்லை. கொல்ல நினைத்துத் தள்ளவில்லைதான். ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆழக் குழி தோண்டிப் புதைத்து, பெயர்த்த பலகைகளைத் திரும்ப வைத்து அடித்தபோது, இடுக்குகளும் புது ஆணிகளும் பல்லை இளித்தன. அவற்றை மூடத்தான் இந்தப் பூச்சு. வேறு வார்னிஷாக இருந்தால் நாலு வீட்டுக்கு வாசனை தூக்கும். இன்றைக்கு அடித்தது என்று எந்த மூக்கும் சொல்லிவிடும்.

வாசலில் வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தான். போலீஸ் வண்டியிலிருந்து மனைவி இறங்கினாள், கூடவே ஒரு இன்ஸ்பெக்டர். அவன் உருளையையும் டப்பாவையும் பரணில் தள்ளி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு விரைந்தான்.

"ரெண்டு நாளா போனே எடுக்கலைங்க அவன்." அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "எனக்கு மனசு கேக்கல. நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்."

"கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான்மா. சோறு தண்ணி இல்லாம எத்தனை நாளைக்குத் திரிவான்? வந்துடுவான்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முந்தாநாள் காலையில சார். இந்த ரூம்லதான் எழுந்தான். பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான்."

"ரூமைப் பார்க்கலாமா?"

"தாராளமா!"

கதவைத் திறந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவன் மறைத்துக் காட்டியிருந்தான். இடுக்கு தெரியவில்லை, ஆணி தெரியவில்லை.

"தரை எப்படிங்க இப்படி மின்னுது?" என்றாள் மனைவி.

"நீ கிளம்பின மறுநாளே பூசிட்டோம், நானும் உன் தம்பியும். உனக்காகத்தான். ஒரு மாசமா இதுலதான் நடந்தான், இதுலதான் படுத்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

இன்ஸ்பெக்டர் வாசற்படியில் குந்தி, தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மூச்சை இழுத்து மோந்தும் பார்த்தார். "பலகை எதையும் கிளப்பின மாதிரி தெரியல. கிளப்பியிருந்தா பூச்சு வெடிச்சிருக்கும்" என்று எழுந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. அத்தோடு விட்டிருக்கலாம். பத்து வருஷமாக விற்றுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"எங்க கம்பெனி சரக்கு சார்! கண் சிமிட்டறதுக்குள்ள காஞ்சிடும். இரும்பு மாதிரி! உள்ள வந்து நடந்துதான் பாருங்களேன்!"

இன்ஸ்பெக்டர் ஷூவோடு இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டுக்குக் கால் வரவில்லை. இழுத்தபோது பச்சக் என்று சத்தம் கேட்டது. பளபளப்பின் நடுவில் இரண்டு ஷூத் தடங்கள் அச்சடித்தாற்போல் விழுந்திருந்தன.

மனைவி குனிந்து விரலால் தொட்டாள். விரலோடு இழை இழையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி சொல்லுவானே..." அவள் குரல் இறங்கியது. "மிஷினுக்குள்ள அந்தக் கதிர் பட்டாத்தான் இது இறுகும், இல்லேன்னா ஆயுசுக்கும் இப்படியேதான் கிடக்கும்னு."

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் வாய் உள்ள பிள்ளை அல்லவா? சட்டென்று அதையே பிடித்துக்கொண்டான்.

"ஆமா சார்! அதேதான்! ஒரு மாசமா காயாமத்தான் கிடக்கு!"

இன்ஸ்பெக்டர் தன் இரண்டு தடங்களையும் பார்த்தார். அவற்றைத் தவிர சுவர்வரை கீறல்கூட இல்லாமல் விரிந்து கிடந்த தரையைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒரு மாசம் நடந்தவன் தடம் எங்கய்யா?"