போட்டு வைத்த இடம்

“உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே உங்க பேரை எழுதியாச்சு. நீங்க வண்டியை விட்டு இறங்கறதுதான் பாக்கி” என்றாள் மனைவி, ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே.

“எழுதியாச்சுன்னா நான் எதுக்கு இறங்கணும்? அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும்” என்றார் பூட்டுக்காரர்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் வாசலில் நடக்கிற சண்டைதான். யார் யாரை மீட்பது என்று கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார், மனிதன் செய்ய ஒன்றுமில்லை என்பது தையல் வேலை பார்க்கும் அவளுடைய கட்சி. கடவுள் கதவைத்தான் வைத்தார், திறப்பதும் திறக்காததும் அவரவர் விருப்பம் என்பது பூட்டு ரிப்பேர் பார்க்கும் அவருடைய கட்சி. அதை நிரூபிப்பதற்காகவே அவர் திறக்காமல் இருந்தார். கல்யாணத்தன்று உள்ளே போனவர், அதன்பிறகு வாசலோடு சரி.

“சாவியை என் கையில குடுத்தாச்சு. திருப்பறது என் இஷ்டம்.”

“குடுத்தவருக்கு நீங்க எந்தப் பக்கம் திருப்புவீங்கன்னு தெரியாதா?”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். திருப்பறது என் கைதானே?”

அவள் சிரித்தாள். ஊரில் இருக்கிற கதவுக்கெல்லாம் மண்டி போட்டவருக்கு இந்த ஒரு கதவுதான் ஆகாமல் போய்விட்டது என்றாள். பூட்டுகளுக்கு முன்னால் மண்டியிட்டு மண்டியிட்டே தேய்ந்த அவருடைய வலது முழங்கால் இப்போது மடங்குவதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் மட்டும் தனியாக நீண்டுகொண்டிருக்கும்.

உள்ளே உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று அவள் வழக்கம்போலச் சொன்னாள். முதல் வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்களுக்கு நடுவில் தன்னை நட்டு வைக்கப் பார்க்கிறாள் என்று அவர் வழக்கம்போலச் சொன்னார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“அது கிடக்கட்டும். என் நீலக் கட்டம் போட்ட சட்டை எங்கே?”

“அது போக வேண்டிய இடத்துக்குப் போயாச்சு.”

“அதையும் அவர் முன்குறிச்சுட்டாரா?”

“அதை நான் முன்குறிச்சேன்” என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடப் புடைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அந்த வாரமே, புதன்கிழமை, தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்தவள் பிறகு நிமிரவில்லை. ஊசிக்கு அடியில் யாருடைய தலையணை உறையோ பாதித் தையலில் நின்றது.

அடக்கத்தன்று யார் யாரோ தோளைப் பிடித்து அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அது கணக்கில் சேராது. அன்று அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பிறகு வீட்டில் தனியாகவே அந்தச் சண்டையைத் தொடர்ந்தார். எதிர்க்கட்சி இல்லாத சண்டை ருசிக்கவில்லை. பயமாகவும் இருந்தது. அவள் சொன்னதுதான் சரியென்றால், எழுதிய பேர்களில் தன் பேர் நிஜமாகவே இருக்குமா? இல்லாவிட்டால் அவளை இனிப் பார்க்க வழியே கிடையாது. தான் சொன்னதுதான் சரியென்றால் அது இன்னும் மோசம். இத்தனை காலம் வாசலில் நின்று அந்த வழியைத் தானே பூட்டிக்கொண்டதாக ஆகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

உள்ளே தலைகள் திரும்பின. முதல் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண்மணி நகர்ந்துகொண்டு, இங்கே வாருங்கள் என்று கை காட்டினார். இதுதான் அவள் போட்டு வைத்த இடம் என்று அவருக்குப் பட்டது. போய் உட்கார்ந்தால் அவள் கட்சி ஜெயித்துவிடும். செத்துப்போனாள் என்பதற்காக விட்டுக்கொடுப்பதா? அதை அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“வந்துட்டேன். ஆனா இடத்தை நான் பார்த்துக்கறேன்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தார். நடு வரிசைகள் வேண்டாம் என்று முடிவு செய்தார். தூண் ஓரமும் வேண்டாம் என்று முடிவு செய்தார். கடைசி பெஞ்சில், வாசல் கதவு கண்ணில் படுகிற மாதிரி, காலை நடைவழியில் நீட்டிக்கொள்ளத் தோதான ஓரத்தில், முழுக்க முழுக்கத் தன் இஷ்டப்படி உட்கார்ந்தார்.

அடியில் ஏதோ மெத்தென்றிருந்தது. இழுத்துப் பார்த்தார். புதிதாகத் தைத்த ஒரு குஷன். நீலக் கட்டம் போட்ட துணி. கிரீஸ் கறை படிந்த சட்டைப்பைகூட அப்படியே இருந்தது.

வாசலருகே மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மெல்லக் குனிந்தார். “பழைய குஷன் கிழிஞ்சுபோச்சுன்னு அக்கா கடைசியா வந்த அன்னிக்குத்தான் இதைக் கொண்டுவந்து போட்டாங்க, சார். எப்பவும் இதுக்குப் பக்கத்துலதான் உட்காருவாங்க. இந்த ஓரத்துல மட்டும் யாரையும் விடமாட்டாங்க. முன்வரிசை காலியா இருக்கேன்னு சொன்னா, ‘அவர் வந்தா இங்கேதான் வருவார், காலை நீட்டணும்’பாங்க.”

பூட்டுக்காரர் பக்கத்து இடத்தைப் பார்த்தார். எழுந்து வேறு எங்காவது போய் உட்காருகிற சுதந்திரம் அவருக்கு இன்னமும் முழுசாக இருந்தது. முழங்கால்தான் மடங்கவில்லை.