கடியமேட்டுக் கல்

சாந்து இறுகுவதற்குள் கல்லை நேராக்கிவிட வேண்டும்.

கோதண்டம் ரசமட்டத்தை மேல்விளிம்பில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வரவில்லை. இடதுபக்கம் லேசாகத் தட்டினார்.

வந்தது.

நாளை காலை கலெக்டர் வந்து திரையை விலக்குவார். அதற்குள் பீடத்துப் பூச்சு முடிந்திருக்க வேண்டும்.

சுற்றிலும் பார்க்க ஒன்றுமில்லை. மேடு. வேலிக்கருவை. மண்ணுக்குள்ளிருந்து அங்கங்கே எட்டிப் பார்க்கும் பழைய செங்கல். ஊரில் இதைக் கடியமேடு என்பார்கள். பாம்பு கடிக்கும் மேடு என்று சொல்லித்தான் சின்ன வயதில் அவரையும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

மகள் தேன்மொழி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். இடுப்பில் குழந்தை.

"இதுல இன்னா எழுதியிருக்கு, படிம்மா," என்றார் கோதண்டம். கொத்தனார் வேலைக்கு வந்ததிலிருந்து எழுத்தை மறந்து போனவர். கையெழுத்து மட்டும் மிச்சம்.

அவள் குழந்தையை இறக்கிவிட்டாள். தூக்கை வைத்தாள். படித்தாள்.

இந்த இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடிகை ஒன்று இருந்தது. தொலைவான ஊர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கிப் பயின்றனர். அவர்களுக்கு உண்ண நெல்லும், உடுக்கத் துணியும், விளக்குக்கு எண்ணெயும் இவ்வூரார் அளித்தனர்.

"கடிகைன்னா?"

"காலேஜுப்பா. கடிகைமேடுதான் கடியமேடுன்னு ஆயிருக்கும்போல."

"இங்கயா?"

"இங்கதான்."

கரணையிலிருந்த சாந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் தேன்மொழி. டவுன் கல்லூரியில் இடம் கிடைத்தது. பஸ் மாறிப் போக வேண்டும். திரும்ப இருட்டிவிடும். தெருவில் ஏதாவது பேசுவார்கள் என்று அவருக்குப் பயம்.

பயம் என்று அவர் சொல்லவில்லை. காலேஜ் ஊருக்குள்ளேயே இருந்தால் நானே கொண்டுபோய் விடுவேன் என்றார்.

அவள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

அடுத்த தையில் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்தார். மாமியார் நல்ல மாதிரி. மகள் கண்ணெதிரே இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தார்.

"எந்த ஊரு புள்ளைங்களுக்கோ சோறு போட்டு வெச்சிருந்திருக்காங்க," என்றார். "நான் எம் புள்ளைய..."



தேன்மொழி தூக்கின் மூடியைத் திறந்தாள். "ஆறுதுப்பா. சாப்புடு."

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மேட்டில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. கலெக்டர் வந்தார். திரை விலகியது. கைதட்டல் தெருவரைக்கும் கேட்டது.

கல் நட்டவரைத் தேடினார்கள். அவர் அங்கே இல்லை.

மருமகன் சத்தியசீலன் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சத்தியசீலன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். உள்ளே தேன்மொழி குழந்தைக்குக் கதை சொல்லிச் சோறூட்டும் சத்தம்.

"மாப்ள, தேனு படிக்கட்டும். வூட்டுலேருந்தே படிக்கலாமாமே. நீங்க சரின்னு சொன்னா..."

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த பேச்சு அவ்வளவில் தீர்ந்துபோனது.

சத்தியசீலன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தான். கதைச் சத்தம் நின்றிருந்தது.

"படிச்சிக்கிட்டுத்தான் இருக்குது மாமா. இதான் கடைசி வருசம். ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போவுதே, அது தையல் கிளாஸ் இல்ல."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷம்தான். முகமெல்லாம் சிரித்தார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

சத்தியசீலன் சட்டைப் பொத்தானைப் போட்டான். போட்ட பொத்தானையே மறுபடி தொட்டான்.

"நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயந்துச்சு மாமா."

வாசற்படியில் வெயில் ஏறியிருந்தது. மைக்கில் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தேன்மொழி வெளியே வந்தாள். கையில் பருக்கை ஒட்டியிருந்தது. வந்தவள் கதவோரம் நின்றுகொண்டாள்.

அவர் எழுந்துவிட்டார். மகள் முன்னால் ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை. எழுந்தபின் உட்காரவும் தெரியவில்லை.

என்ன படிக்கிறாய் என்று கேட்க நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"பரிச்சை எப்பம்மா? அன்னிக்குக் கொழந்தைய நான் பாத்துக்கறேன்."

அவள் கையிலிருந்த பருக்கையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

"அத்தை இருக்காங்கப்பா," என்றாள் மெதுவாக. "எப்பவும் அவங்கதான் பாத்துக்குவாங்க."